பிரெய்ரி தபால் அட்டைகள்: பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

கான்சஸ், நெப்ராஸ்கா, வடக்கு, தெற்கு டகோட்டா என்று தொடங்கி, எல்லை தாண்டி கனடாவின் மானிடோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா வரை விரிந்து கிடக்கும் புல்வெளிச் சமவெளிக்குப் பிரெய்ரி என்று பெயர். 160 ஏக்கர் நிலம் கிடைக்கும் என்று நம்பி ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு மாநிலங்களிலிருந்தும் அங்கே போய்க் குடியேறியவர்கள், விட்டுவந்த உறவுக்காரர்களுக்கு அனுப்பிய படத் தபால் அட்டைகள்தான் இந்தச் சேகரிப்பின் பொருள். மண் வீடு, கதிரடிப்பு, புதிதாக முளைத்த ஊரின் ஒரே தெரு, ரயில் நிலையம், பனிப்புயல் என்று அன்றாடம் முழுக்க அந்த அட்டைகளில் இருக்கிறது.

அளவைச் சொன்னால்தான் இது எத்தனை பெரிய பைத்தியமாக இருந்தது என்று புரியும். 1908 ஜூன் 30-இல் முடிந்த ஓராண்டில் அமெரிக்கத் தபால்துறை கையாண்ட தபால் அட்டைகள் 67 கோடியே 77 லட்சத்துக்கும் மேல். அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகை 9 கோடியைக்கூடத் தொடவில்லை. கிராமத்து வீட்டு வாசலுக்கே தபால் கொண்டுவரும் ஏற்பாடு 1902-இல் நிரந்தரமானது. அட்டைக்குத் தபால் செலவு 1 சென்ட்தான். தொலைபேசி எட்டாத பண்ணைகளில் அதுவே போதுமான காரணம்.

புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் படத்தின் அழகைப் பார்த்து வாங்குகிறார்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன வேலை நடக்கிறது என்று நிரூபிக்க முடிகிற அட்டைக்குத்தான் மதிப்பு. அழகான, ஆனால் எங்கே எடுத்தது என்றே தெரியாத படத்தைவிட, கொஞ்சம் மங்கிய, ஊர்ப்பெயர் எழுதிய படம் மேல். அதை நிரூபிக்கும் சாட்சியங்களில் பாதிக்கு மேல் பின்பக்கத்தில் இருக்கின்றன. கையில் அட்டை கிடைத்ததும் முதலில் திருப்பிப் பாருங்கள்.

அச்சா, புகைப்படமா?

பின்பக்கத்துக்குப் போவதற்கு முன் ஒரு கேள்வியை மட்டும் தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து அட்டைகள் இரண்டு ஜாதி. ஒன்று அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அச்சடித்தது. மற்றொன்று நெகட்டிவிலிருந்து நேரடியாகப் புகைப்படத் தாளில் பிரிண்ட் போட்டது. சேகரிப்பவர்கள் இதை ரியல் போட்டோ என்பார்கள். வியாபாரிகள் பட்டியலில் ரியல் போட்டோ போஸ்ட் கார்டு என்பதை ஆர்.பி.பி.சி. என்று சுருக்கிப் போடுவார்கள்.

10 மடங்கு பெரிதாக்கும் லூப் என்ற கைக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வானத்தில் ஓரிடத்தில் வைத்துப் பாருங்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்டோன் அச்சு. புள்ளி இல்லாமல் புழு நெளிந்த மாதிரி ஒழுங்கற்ற நுண்கோடுகள் தெரிந்தால் கொலோடைப் என்ற நல்ல தரமான அச்சு. எவ்வளவு பெரிதாக்கினாலும் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு நிறம் வழுக்கிக்கொண்டே போனால் அது புகைப்படம். இன்னொரு அடையாளமும் உண்டு. அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், கறுப்பான ஓரங்களில் கண்ணாடி ரசம் பூசியது போல நீலங்கலந்த மினுமினுப்பு தெரியும். படத்திலுள்ள வெள்ளி காலப்போக்கில் மேலே வந்து படிவதால் ஏற்படுவது அது. பழைய பிரிண்ட் என்பதற்கு நல்ல சாட்சி. அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள்.

பிரெய்ரியைப் பொறுத்தவரை புகைப்பட அட்டைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? பெரிய அச்சகங்கள் ஆயிரம் அட்டை விற்கக்கூடிய ஊர்களுக்குத்தான் அச்சடித்தன. 200 பேர் வாழ்ந்த ஊருக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் கோடக் நிறுவனம் 1902-இல் அட்டை அளவிலேயே புகைப்படத் தாளைக் கொண்டுவந்தது. 1903-இல் 3ஏ ஃபோல்டிங் பாக்கெட் கேமராவை விட்டது. அதன் நெகட்டிவ் 3¼ × 5½ அங்குலம், கிட்டத்தட்ட அட்டையின் அளவேதான். பெரிதாக்கும் கருவி தேவையில்லை. நெகட்டிவைத் தாளோடு ஒட்டி வைத்து, விளக்கொளி காட்டி, கழுவினால் அட்டை தயார். அந்தத் தாள் மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் கையாளும் அளவுக்கு மெதுவானது என்பதால் சமையலறையே இருட்டறையாயிற்று. ஊருக்கு ஊர் போகும் புகைப்படக்காரர் மட்டுமல்ல, மருந்துக் கடைக்காரரும் பள்ளிக்கூட ஆசிரியையும்கூட எடுத்தார்கள். சில படங்கள் பத்துப் பன்னிரண்டு பிரிண்ட்தான் போட்டிருப்பார்கள். சில ஒன்றே ஒன்று.

பின்பக்கம் சொல்லும் காலம்

முதலில் நடுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் 1907 மார்ச் 1 வரை பின்பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும்தான். செய்தி எழுத வேண்டுமானால் படத்தின் ஓரத்தில்தான் எழுத வேண்டும். ஆகவே அந்தக் காலத்து அட்டையில் படத்தின்மேல் கிறுக்கியிருந்தால் அது குறை ஆகாது, அந்தக் கால வழக்கம். அந்தத் தேதிக்குப் பிறகுதான் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் முகவரி என்று வந்தது. கனடா அதற்கு முன்பே, 1904 வாக்கிலேயே, இந்த மாற்றத்துக்கு வந்துவிட்டது. எனவே 1905 முத்திரையுடன் கோடு போட்ட சஸ்காட்செவன் அட்டையைப் பார்த்துப் போலி என்று சந்தேகப்பட வேண்டாம். ‘1898 மே 19 சட்டப்படி அனுமதிக்கப்பட்டது’ என்ற வாசகம் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் அது அமெரிக்க அட்டைகளின் ஆரம்பகாலத் தலைமுறை. ‘போஸ்ட் கார்டு’ என்று தனியார் அச்சிட்டுக்கொள்ள அனுமதி 1901 டிசம்பர் கடைசியில்தான் வந்தது.

புகைப்பட அட்டை என்றால் அடுத்து தபால்தலை ஒட்டும் கட்டம். தாள் தயாரித்த நிறுவனம் அந்தத் தாளின் வணிகப் பெயரைச் சதுரமாக அங்கே அச்சிட்டிருக்கும். அதிகம் காண்பது அஸோ. நான்கு மூலையிலும் முக்கோணங்கள் மேல்நோக்கி இருந்தால் ஏறக்குறைய 1904 முதல் 1918 வரை. இரண்டு மேலே, இரண்டு கீழே பார்த்தால் 1918 முதல் 1930 வரை. மூலைகளில் சதுரம் இருந்தால் 1920-களின் பிற்பாதியும் அதற்குப் பின்னும். வெலாக்ஸ் என்ற பெயர் பெரும்பாலும் 1914-க்கு முந்தையது. சைக்கோ, ஆர்ட்டுரா, க்ருக்ஸோ, நோக்கோ என்ற பெயர்களும் அடிக்கடி வரும். இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது: கட்டம் சொல்வது தாளின் வயதை, படத்தின் வயதை அல்ல. 1909-இல் எடுத்த நெகட்டிவை 1922-இல் மீண்டும் பிரிண்ட் போடுவது சாதாரணம். கடைக்காரரிடம் மிச்சமிருந்த பழைய தாளில் புதிய படம் வருவதும் உண்டு. எனவே கட்டத்தை வைத்து ‘இந்த பிரிண்ட் இதற்கு முன்னால் இருக்க முடியாது’ என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

தபால் போன அட்டை என்றால் வேலை சுலபம். முத்திரை மங்கியிருந்தாலும் தபால்தலை பேசும். அமெரிக்க 1 சென்ட் பச்சைத் தலையில் ஃபிராங்க்ளின் இருந்தால் 1912-க்கு முன்போ, அவர் மீண்டும் வந்த 1923-க்குப் பின்போ வெளியானது, வாஷிங்டன் இருந்தால் 1912 முதல். 2 சென்ட் சிவப்பு ஒட்டியிருந்தால் 1917 நவம்பர் 2 முதல் 1919 ஜூன் 30 வரையிலான போர்க்காலக் கட்டணமா என்று பாருங்கள். கனடாவில் ஏழாம் எட்வர்டு தலை 1903-இல் வந்தது. ஐந்தாம் ஜார்ஜ் 1911 கடைசியிலிருந்து. 1915 ஏப்ரலிலிருந்து போர்வரியாக ஒரு சென்ட் கூடுதல்.

முத்திரையில் ஊர்ப்பெயருக்குப் பின்னால் உள்ள சுருக்கெழுத்தைத் தவறவிடாதீர்கள். சஸ்காட்செவனும் ஆல்பர்ட்டாவும் மாகாணங்களானது 1905 செப்டம்பர் 1. ‘அஸ்ஸா’ (அஸ்ஸினிபோயா) என்றோ ‘என்.டபிள்யூ.டி.’ (நார்த்-வெஸ்ட் டெரிட்டரிஸ்) என்றோ இருந்தால் அதற்கு முந்தைய நிர்வாகப் பெயர்கள் அவை. அதே போல ஓக்லஹோமா மாநிலமானது 1907 நவம்பர் 16. ‘ஓ.டி.’ (ஓக்லஹோமா டெரிட்டரி), ‘ஐ.டி.’ (இந்தியன் டெரிட்டரி) என்றால் அதற்கு முந்தையது. மாற்றத்துக்குப் பிறகும் சில நாள் பழைய முத்திரையையே அஞ்சல் அலுவலகங்கள் குத்தின என்பதையும் நினைவில் வையுங்கள். ‘ஆர்.பி.ஓ.’ (ரயில்வே போஸ்ட் ஆபீஸ்) என்றால் ஓடும் ரயிலிலேயே இருந்த தபால் பெட்டியில் குத்தியது. இரண்டு நகரப் பெயர்கள் அதில் இருக்கும். அவை ரயில் பாதையின் பெயரே தவிர, எழுதியவரின் ஊர் அல்ல. கிராமத் தபால் வினியோகம் பரவியபோது ஏராளமான சின்ன அஞ்சல் அலுவலகங்கள் மூடப்பட்டன. அவற்றின் முத்திரைக்காகவே படத்தைப் பார்க்காமல் வாங்குகிற தபால்தலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஏலத்தில் ஒரு சுமாரான படம் காரணமில்லாமல் விலை ஏறினால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

படத்துக்குள் நுழைவது

இப்போது முன்பக்கம். முதலில் வெள்ளை எழுத்துத் தலைப்பு. நெகட்டிவின்மேல் ஒளி புகாத மையால் எழுதினால் பிரிண்டில் அது வெள்ளையாக வரும். பூச்சுப் பக்கத்தில் எழுதுகிறவர் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றி எழுத வேண்டும். அவசரத்தில் ஆங்கில எஸ், என் எழுத்துகள் மட்டும் திரும்பிப் போய்விடும். அந்தக் கோணல் எழுத்து உள்ளூர்ப் புகைப்படக்காரரின் கைவேலை. அதைப் பார்த்தால் மகிழுங்கள்.

அடிக்கடி கிடைக்கிற காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: கதிரடிப்பு. இடப்பக்கம் நீராவி எஞ்சின், வலப்பக்கம் கதிரடி இயந்திரம், நடுவே நீண்ட பெல்ட், பின்னால் வைக்கோல் போர், முன்னால் வரிசையாக இருபது பேர். பெல்ட் ஏன் இத்தனை நீளம்? எஞ்சினின் புகைபோக்கியிலிருந்து பறக்கும் தீப்பொறி வைக்கோலில் விழக்கூடாது. அதனால்தான் இத்தனை தள்ளி, காற்றுத் திசை பார்த்து எஞ்சினை நிறுத்துவார்கள். பெல்ட் நடுவே எட்டு வடிவில் முறுக்கியிருப்பதும் தற்செயல் அல்ல. முறுக்கினால் சக்கரத்தில் அதிகம் சுற்றிப் பிடிக்கும், காற்றில் படபடத்து நழுவாது. பெல்ட் தொய்ந்து தரையில் கிடந்தால் இயந்திரம் நின்றபின் எடுத்த படம். வேலை நடக்கும்போது எடுத்திருந்தால் வைக்கோல் ஊதும் குழாயின் வாயில் புழுதி மங்கலாகத் தெரியும். ஓரத்தில் குதிரை பூட்டிய தண்ணீர் வண்டி நிற்கும். ஏப்ரன் கட்டிய பெண்கள் இருந்தால் சமையல் வண்டிக்காரர்களாகவோ பண்ணை வீட்டுக்காரர்களாகவோ இருக்கலாம்.

இயந்திரத்தின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயரை லூப் வைத்துப் படியுங்கள். கேஸ் நிறுவனத்தின் முழு இரும்புக் கதிரடி இயந்திரம் 1904-இல் வந்தது. எஞ்சின் நீராவி அல்ல, ரூமெலி ஆயில்புல் என்ற எண்ணெய் டிராக்டர் என்றால் படம் 1910-க்கு முன்னால் இருக்கவே முடியாது. தெருக்காட்சியில் ஃபோர்டு மாடல் டி நின்றால் 1908 அக்டோபருக்குப் பின். தானியக் கிடங்கின் நெற்றியில் ‘சஸ்காட்செவன் கோ-ஆபரேட்டிவ் எலிவேட்டர் கம்பெனி’ என்றிருந்தால் 1911-க்கும் 1926-க்கும் இடையே. கிடங்கில் பெரும்பாலும் ஊர்ப்பெயரும் எழுதியிருக்கும் என்பதால், பெயர் தெரியாத படத்தை அடையாளம் காண முதலில் தேட வேண்டிய இடம் அதுதான். அடுத்தது ரயில் நிலையப் பலகை. அதற்கடுத்தது கடைப் பலகைகளில் உள்ள முதலாளி பெயர்கள்.

அந்தப் பெயரை எங்கே தேடுவது? அமெரிக்கா என்றால் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையத்தில் வைத்திருக்கும் பழைய செய்தித்தாள்களில் தேடலாம். 1910 மக்கள்தொகைக் கணக்கின் தனிநபர் பதிவேடும் உதவும். கனடா என்றால் பிரெய்ரி மாகாணங்களுக்கென்றே 1906-லும் 1916-லும் தனியாக எடுத்த கணக்குகள் இருக்கின்றன. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் பீல் தொகுப்பில் ஆயிரக்கணக்கான பிரெய்ரி அட்டைகள் ஊர்வாரியாகப் பார்க்கக் கிடைக்கின்றன. அதே கட்டடம் வேறு கோணத்தில் அங்கே இருந்தால் வேலை முடிந்தது.

மண் வீட்டுப் படங்களுக்குத் தனி மவுசு உண்டு. மரம் கிடைக்காத இடத்தில், புல்வேரோடு சேர்த்து மண்ணை ஏர் கொண்டு நீளவாக்கில் கீறி, சுமார் 3 அடித் துண்டுகளாக வெட்டி, புல் பக்கம் கீழே வைத்து அடுக்கிக் கட்டிய வீடு அது. சுவரின் கனம் 2 அடிக்கும் மேல். ஜன்னல் எவ்வளவு உள்ளடங்கி இருக்கிறது என்று பார்த்தால் கனம் தெரிந்துவிடும். நெப்ராஸ்காவின் சாலமன் புட்சர் இந்த வீடுகளை 1886 முதல் படமெடுத்துத் தள்ளியவர். பின்னாளில் கியர்னி நகரில் மகனோடு சேர்ந்து தபால் அட்டையும் போட்டார். இதற்கு மாறாக, கறுப்புத் தார்த்தாளை மரச்சட்டம் அடித்துப் பொருத்திய ஒற்றை அறைக் குடிசை என்றால் நிலத்துக்கு உரிமை கோரி அண்மையில் வந்தவருடையது. அவசரத்துக்குக் கட்டியது.

வண்ண அட்டையை இப்படியெல்லாம் நம்பிப் படிக்காதீர்கள். முதல் உலகப் போருக்கு முன் நல்ல வண்ண அச்சு பெரும்பாலும் ஜெர்மனியில்தான் நடந்தது. பிரெய்ரியிலிருந்து அங்கே போனது கறுப்பு வெள்ளைப் படம். அங்கே உட்கார்ந்து வண்ணம் தீட்டியவர் பிரெய்ரியைப் பார்த்ததே இல்லை. தந்திக் கம்பங்களை எடுத்துவிடுவார்கள், வானத்தில் மேகம் சேர்ப்பார்கள், கோதுமைக்கு ஏதோ ஒரு பச்சை அடிப்பார்கள். 1909-இல் இறக்குமதி வரி ஏறி, 1914-இல் போரும் வந்ததும் அந்த வரத்து நின்றது. பிறகு அமெரிக்காவிலேயே வெள்ளை ஓரம் விட்டு அச்சிட்ட அட்டைகள் வந்தன. அவற்றின் அச்சு ஒரு படி மட்டம்.

பழங்குடி மக்களைக் காட்டும் அட்டைகளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பிளாக்ஃபுட், கிரீ, லகோட்டா மக்களை ஸ்டூடியோவில் நிறுத்தி, கையில் கிடைத்த அணிகலனை மாட்டி எடுத்த படங்கள் நிறைய. தலைப்பில் பெயரும் இருக்காது, இருந்தாலும் ஏளனமாக இருக்கும். தலைப்பை ஆதாரமாக எடுக்காதீர்கள். அது விற்றவரின் பார்வை.

ஏமாற்றும் அட்டைகள்

வண்டி முழுக்க ஒரே ஒரு சோளக் கதிர், ஆளைவிடப் பெரிய முட்டைக்கோஸ் என்று வருபவை வேடிக்கைக்காகவே செய்தவை. கான்சஸின் ஒட்டாவா ஊரைச் சேர்ந்த டபிள்யூ. எச். மார்ட்டின் 1908 வாக்கில் இவற்றைப் போட்டுப் பெரும் வியாபாரம் செய்தார். பெரிதாக்கிய காய்கறிப் படத்தை வெட்டி ஒட்டி, மறுபடியும் படமெடுப்பது அவர் முறை. வெட்டிய விளிம்பும், திசை மாறிய நிழலும் லூப்பில் தெரியும். இவை அசல் பழைய அட்டைகள்தான், சேகரிக்கத் தகுந்தவையும்கூட. ஆனால் ராட்சத வெட்டுக்கிளி அட்டைகளை 1910 என்று விற்றால் நம்பாதீர்கள். அவற்றில் புகழ்பெற்றவை கான்சஸின் கார்டன் சிட்டியைச் சேர்ந்த எஃப். டி. கோனார்ட் 1935-க்குப் பின் செய்தவை.

நிஜமான போலிகள் வேறு. பழைய அட்டையை ஸ்கேன் செய்து புதுத் தாளில் எடுத்தவை அவை. மூன்று சோதனை போதும். படத்தில் வண்ணப் புள்ளித் தூவல் தெரிந்தால் இங்க்ஜெட். பின்பக்க அஸோ கட்டத்தின் கோடுகள் திடமான மையாக இல்லாமல் புள்ளியாகச் சிதறினால் அந்தக் கட்டமும் நகல். கடைசியாக, இருட்டில் புற ஊதா டார்ச் அடியுங்கள். தாளுக்கு வெண்மை கூட்டும் ரசாயனம் 1950-களில்தான் புகைப்படத் தாளில் பரவியது. நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் 1910 அல்ல. சோப்பு போட்டுத் துவைத்த துணியில் பட்ட இடமும் பளிச்சிடும் என்பதால், திட்டாக இல்லாமல் தாள் முழுக்க ஒளிர்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும்போது

அச்சடித்த சாதாரணத் தெருக்காட்சி சில டாலருக்குக் கிடைக்கும். ஊரும் தொழிலும் தெரிகிற நல்ல புகைப்பட அட்டை அதைப் போலப் பல மடங்கு. பேரழிவுப் படம் என்றால் அபூர்வம் என்று வியாபாரி சொல்வார், அதை நம்பி அதிகம் கொடுக்க வேண்டாம். 1912 ஜூன் 30 ரெஜைனா சூறாவளி, 1913 மார்ச் 23 ஒமஹா சூறாவளி இரண்டும் நடந்த கையோடு அட்டைகளாகக் குவிந்தன. இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. எண்ணெய்க் கறையோடு பட்டறைக்குள் நிற்கும் கொல்லர் படம் அதைவிட அரிது, ஏனென்றால் இருண்ட உட்புறத்தைப் படமெடுப்பது கடினம்.

ஆல்பம் மூலைகளின் லேசான தடம், ஓரத்து வெள்ளி மினுக்கம் ஆகியவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். படத்துக்குக் குறுக்கே போகும் மடிப்பு, கிழித்தெடுத்த தபால்தலை, ஓரம் வெட்டிச் சின்னதாக்கியது இவை விலையை நன்றாகக் குறைக்க வேண்டும். மூல அளவு சுமார் 3½ × 5½ அங்குலம். அடிக்கோல் வைத்து அளந்து சொல்லச் சொல்லுங்கள். இரண்டு பக்கப் படமும் தராத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

வைத்திருக்கும் முறை

புகைப்பட அட்டையின் மேற்பூச்சு ஜெலட்டின். தண்ணீர் பட்டால் ஊதும், ஒட்டும். பின்னால் ஒட்டியிருக்கும் கறுப்பு ஆல்பத் தாளை நனைத்து உரிக்க முயன்றால் படமும் போகும். விட்டுவிடுவதே நல்லது. வறண்டு சுருண்ட அட்டையைப் பலமாக அழுத்தினால் பூச்சு வெடிக்கும். கண்ணாடிச் சட்டத்தில் நேரடியாக வைத்தால் ஈரக்காற்றில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நடுவே அட்டைச் சட்டம் வேண்டும்.

பாலிபுரொப்பிலின் அல்லது பாலியெஸ்டர் உறைகள் பாதுகாப்பானவை. புது பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பிவிசி உறை நாளாக ஆகப் பிசுபிசுத்துப் படத்தைக் கெடுக்கும். காற்றில் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் இருப்பது உத்தமம். சென்னை, கொழும்பு போன்ற இடங்களில் அது நடக்காது. சிலிக்கா ஜெல் போட்ட, மூடி இறுகும் பெட்டியில் நிற்கவைத்து, ஜெல்லை மாதம் ஒருமுறை சூடாக்கி உலர்த்திப் போடுங்கள். பூஞ்சைக்கும் வெள்ளிமீன் பூச்சிக்கும் ஜெலட்டின் நல்ல தீனி.

வாங்கியதும் இரு பக்கமும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து வையுங்கள். அட்டையிலேயே எதையும் எழுத வேண்டாம். எங்கே வாங்கியது, ஊர் எப்படித் தெரிந்தது, எது உறுதி, எது ஊகம் என்பதைத் தனித் துண்டுத்தாளில் பென்சிலால் எழுதி உறைக்குள் பின்பக்கமாகச் செருகுங்கள். ஊகத்துக்குக் கேள்விக்குறி போட மறக்காதீர்கள். அடுத்து வாங்குகிறவர் அந்தக் கேள்விக்குறியைப் பார்த்துத்தான் தேடத் தொடங்குவார்.